எஸ், மேடம்

ஓட்டல் லாபியில் விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த சோபாவில் உட்காருவது கோகிலவாணிக்கு இதுதான் முதல் தடவை. பயிற்சிக்கு வந்தவர்கள் லாபியில் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, தூணில் கை வைக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். இப்போது டியூட்டி மேனேஜர் ஷெரின் மேடமே அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "வாணி, இவங்க கூட இரு. தனியா விட்டுடாத. ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல இருந்தா போதும். கார் இப்ப வந்துடும்." சோபா நினைத்ததைவிட ஆழமாக உள்ளே வாங்கியது, முழங்கால் மேலே வந்துவிட்டது, முதுகை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு கை தூரத்தில் மிஸஸ் ஹாலம். எழுபது வயதிருக்கும். காலையில் பெரிய கோயிலுக்குக் கிளம்பும்போது போட்டிருந்த வெள்ளைத் துணித்தொப்பி இன்னும் தலையில் இருந்தது, நெற்றியில் கோயிலில் யாரோ இட்டுவிட்ட குங்குமம் வியர்வையில் வழிந்து மூக்கின் பக்கம் வந்திருந்தது. அதைத் துடைக்கச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. இவர் கோயிலுக்குப் போனபோது கணவர் களைப்பாக இருக்கிறது என்று அறையிலேயே தங்கிவிட்டார். அறையைச் சுத்தம் செய்யப் போன அக்கா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தால் அவர் குளியலறை வாசலில் கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இந்த அம்மாள் திரும்பி வந்து இறங்குவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது, முடிந்துவிட்டதென்று. ஷெரின் மேடம் இவரை உள் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். வெளியே வரும்போது இவர் அழவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். இப்போதும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

ஒண்ணும் பேச வேணாம் என்று சொன்னது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, பேசத் தெரிந்திருந்தால்தானே பேசாமல் இருப்பதற்கு, ஆனால் அந்த அம்மாள் ஒருதரம் திரும்பி அவளைப் பார்த்தபோது மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எல்லாம் ஓடிவந்து முட்டிக்கொண்டு நின்றன, ஹவ் மே ஐ ஹெல்ப் யூ, சர்ட்டன்லி மேடம், ஹேவ் எ ப்ளெசன்ட் ஸ்டே, கேட்டரிங் கல்லூரியில் இங்கிலீஷ் எடுத்த அமலதாஸ் சார் மேசையைத் தட்டித் தட்டி வகுப்பு மொத்தத்தையும் ஒரே குரலில் சொல்ல வைத்தது எல்லாம். முதலில் சிரி, அப்புறம் தலையைச் சாய், அப்புறம் வாயைத் திற, அதான் வரிசை என்பார். சாப்பாடு தாமதமானால் என்ன சொல்ல வேண்டும், ஏசி ஓடாவிட்டால் என்ன சொல்ல வேண்டும், பெட்டி வேறு அறைக்குப் போய்விட்டால், பில்லில் தப்பு இருந்தால். ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருந்தது. நாக்கு நுனிக்கு இப்போது வந்து நிற்பது ஐ அபாலஜைஸ் ஃபார் தி இன்கன்வீனியன்ஸ். அடச்சீ. பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லியிருந்தால் சொன்னதுதான், உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று, ஏசிக்குச் சொல்கிற மாதிரி. அவளுக்குத் தானாக வருகிற வார்த்தை என்றால் சாரி மட்டும்தான். நேற்று இதே அம்மாளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மேசைவிரிப்பில் சிந்தியதற்கு அதே சாரியைச் சொன்னாள். கணவர் உடனே துண்டை எடுத்து அதன் மேல் போட்டு, கண்ணைச் சிமிட்டி, என்னவோ சொன்னார், வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், இந்த அம்மாள் சிரித்தார், கோகிலவாணியும் சிரித்தாள், மற்றவர்கள் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்பது இங்கே வந்த முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. என்ன சொல்லியிருப்பார். அந்த மனிதர் இப்போது இல்லை. அவர் சொன்னது இவள் காதில் விழுந்தும் எங்கும் போய்ச் சேரவில்லை. "சாரி மேடம்" என்றாள், மெதுவாக, எப்படியாவது அது நேற்றைய சாரியிலிருந்து வேறாகக் கேட்க வேண்டும் என்று. அந்த அம்மாள் தலையை ஆட்டினார். மூடியைத் திறந்தார், மூடினார்.

வாய் ஓயாதவ என்று அம்மா சொல்வாள், இவ தூக்கத்துலயும் வாயாடுவா. பேராவூரணி அரசுப் பெண்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் கோகிலவாணிதான், மைக்கை அவள் உயரத்துக்கு ஏற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள், தலைமை ஆசிரியை மணி அடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பெண் எங்கே போனாள். இங்கே ஓட்டலில் அவளைப் பற்றி எல்லோரும் சொல்வது ரொம்ப அமைதியான பொண்ணு, கூச்ச சுபாவம். ஷெரின் மேடம் யாரிடமோ அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததை அவளே கேட்டாள், சிரிச்ச முகம், அதிகம் பேச மாட்டா, லாபிக்குச் சரியா இருப்பா. நெட்டையாக இருக்கிறாள், புடவை நன்றாக நிற்கிறது என்று லாபியில் போட்டார்கள். அந்த அமைதியான பொண்ணு யாரென்று அவளுக்கே தெரியாது. தமிழில் இருக்கும்போது ஒருத்தி, இங்கிலீஷ் வந்ததும் அவள் எழுந்து போய்விடுகிறாள், அந்த இடத்தில் தலையாட்டுகிற இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொள்கிறாள், கொஞ்சம் மந்தம், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, கேட்டதற்கெல்லாம் சரி சொல்கிறவள். சொகுசுக் கப்பல் கம்பெனிக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்தார்களே, அவர்கள் பார்த்ததும் அந்த இரண்டாவது ஆளைத்தான். டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப் என்றார் கோட் போட்டவர். அது இருக்கிறது, ஒப்பிப்பதற்கு நன்றாகவே இருக்கிறது, மை நேம் இஸ் கோகிலவாணி, ஐ ஹெயில் ஃப்ரம் என்று ஆரம்பித்து ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தாள், அவர் கையைத் தூக்கி நிறுத்தி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். விடுதியில் போட்ட உப்புமாவைத் தின்ன முடியாமல் பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சம் இருந்த பிஸ்கட்டைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுவிட்டு வந்திருந்தாள். அதைச் சொல்ல முடியுமா, கொட்டினேன் என்பதற்கு என்ன, தொட்டு என்பதற்கு என்ன, ஈட்டா ஏட்டா ஈட்டிங்கா என்று தேடிக்கொண்டே இருந்தாள், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு மிகவும் அன்பாக, இட்லி என்றார். "எஸ், சார்" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அம்மாவிடம் போனில், உயரம் பத்தலைன்னுட்டாங்கம்மா என்றாள். அம்மா நம்பவில்லை. எங்க வம்சத்துல நீதாண்டி பனமரம் என்றாள்.

அந்த அம்மாளின் செருப்பில் கோயில் மணல் ஒட்டியிருந்தது. ஒரு செருப்பின் வார் அவிழ்ந்து கிடந்தது. குனிந்து மாட்டிவிடலாம், அதற்கு இங்கிலீஷ் வேண்டாம், ஆனால் விருந்தாளியைத் தொடக் கூடாது, ஒரு கை தூரம், அதுவும் சொல்லிக்கொடுத்ததுதான். அப்பாவை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு யாரும் தூரம் பார்க்கவில்லை. தேங்காய் மண்டியில் மூட்டையோடு சாய்ந்தவர். வீட்டுக்குள் நுழைய முடியாத கூட்டம், பட்டுக்கோட்டையிலிருந்து அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள், தெருமுனையிலேயே குரல் கேட்டது, "அடி ஆத்தி, எங்கண்ணன எங்கடி விட்டீங்க" என்று, வந்து அம்மாவின் மேல் விழுந்தாள், இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டு ஆடினார்கள். அத்தைக்கும் அம்மாவுக்கும் நாலைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு அத்தை சொன்ன எதையும் உட்கார்ந்து எழுதினால் அதில் ஒரு வாக்கியமும் முழுசாக இருக்காது. மூலையில் சுருண்டு கிடந்த கோகிலவாணியின் தலையைப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், ஒரு வார்த்தை இல்லை, பொழுது சாயும் வரை நகரவே இல்லை, கால் மரத்துப்போயிருக்கும். இந்த அம்மாளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா, இவர் ஊரில் இப்போது விடிந்திருக்குமா, யார் எழுப்பிச் சொல்வார்கள். ஏசி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் வீணை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் ரிசப்ஷனில் நின்று நீச்சல் குளம் எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில், இந்த மெருகு போட்ட தரையில், ஒரு மனுஷி எங்கே விழுந்து அழுவாள்.

அப்போது அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார். அவளைப் பார்த்துக்கூட இல்லை, எதிரே இருந்த பூஜாடியைப் பார்த்து. குரல் தாழ்ந்து, ஒரே சீராக, நிறுத்தாமல் வந்தது. அமலதாஸ் சாரின் இங்கிலீஷ் ஒவ்வொரு வார்த்தையாகத் தனித்தனியாக வரும், எண்ணிப் பொறுக்கிக்கொள்ளலாம். இது தண்ணீர் போல வந்தது, எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஹீ என்பது திரும்பத் திரும்ப வந்தது. அவர். மார்னிங். டீ. காலையில் அவர் டீ, குடித்தாரா, கேட்டாரா, வேண்டாம் என்றாரா. நெவர். ஒருபோதும் என்ன. கோகிலவாணி ஒரு வார்த்தையைப் பிடித்து அதற்கு அர்த்தம் தேடுவதற்குள் பத்து வார்த்தைகள் தாண்டிப் போய்விட்டன, விட்டதைப் பிடிக்க ஓடினால் கையில் இருந்ததும் நழுவியது. முகத்தை மட்டும் சரியாக வைத்துக்கொண்டாள். கேட்கிற முகம். அதுவும் சொல்லிக்கொடுத்தது, கண்ணைப் பார், லேசாகத் தலையாட்டு. அந்த அம்மாள் ஒரு இடத்தில் சிரித்தார், மூச்சு மட்டும் வெளியே வருகிற சிரிப்பு, அவளும் சிரிக்கப் போய் சட்டென்று நிறுத்திக்கொண்டாள், சிரிக்கலாமா, இல்லை அது அழுகையா. மிகவும் அவமானமாக இருந்தது. ஒருத்தி புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்பதற்கு உலகத்தில் வேறு யாரும் இல்லாமல் தன்னிடம் சொல்கிறாள், இவள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். யாராவது இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்களேன். ஷெரின் மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு காதில் போனும் இன்னொரு கையில் போனுமாக நின்றிருந்தார். பேச்சு நின்றது. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். அவள் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார், வறண்ட, லேசான கை. என்னவோ சொன்னார். சின்ன வாக்கியம். கடைசியில் குரல் மேலே ஏறியது. கேள்வி. மைண்ட் என்று காதில் விழுந்தது, மைண்ட் என்றால் மனசு, மனசைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறார், என் மனசு என்ன பாடுபடும் தெரியுமா என்று கேட்கிறார் போல, தெரியும் மேடம், எங்கள் வீட்டிலும் நடந்தது, எனக்குத் தெரியும். "எஸ், மேடம்" என்றாள். எவ்வளவு மனசாரச் சொல்ல முடியுமோ அவ்வளவு மனசார, கண்ணைப் பார்த்து. "எஸ்."

கை அப்படியே ஒரு கணம் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டார். அவசரமாக இல்லை, சூடாக இருக்கும் என்று தெரியாமல் ஒன்றைத் தொட்டுவிட்டவர் மெல்ல எடுப்பதைப் போல. "ஆஃப் கோர்ஸ்" என்றார். பாட்டிலை எடுத்துக்கொண்டார். ஏதோ நடந்துவிட்டது. என்ன என்று தெரியவில்லை, ஆனால் நடந்துவிட்டது, ஒரு கதவு சாத்தப்பட்டது போல இருந்தது, அந்த ஒரு கை தூரம் திரும்ப வந்துவிட்டது. எஸ் என்றுதானே சொன்னேன். ஆமாம் என்பதில் என்ன தப்பு வரும். ஷெரின் மேடம் வந்தார், குனிந்து அந்த அம்மாளிடம் வேகமாக, மென்மையாக இங்கிலீஷில் பேசினார், அந்த அம்மாள் தலையை ஆட்டி, எழுந்து, வார் அவிழ்ந்த செருப்போடு வாசலை நோக்கி நடந்தார். கார் வந்துவிட்டது. ஷெரின் மேடம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கூட யாரையாவது அனுப்பட்டுமான்னு கேட்டேன், வேண்டாங்கிறாங்க. தனியாவே போய்க்கிறாங்களாம். எப்படித்தான் மனசு வருதோ. நம்மாளா இருந்தா விட்டிருப்போமா?" கூட. கூட என்றதும் அது வந்தது. வித் மீ. கேள்வியின் கடைசியில் வித் மீ இருந்தது. கமிங் வித் மீ. அதற்கு முன்னால் மைண்ட், அதற்கும் முன்னால் வாய்க்குள்ளேயே உருண்ட ஒன்று. வுட் யூ மைண்ட். அய்யோ. வகுப்பில் ஒருநாள் அமலதாஸ் சார் அவளைப் பார்த்து, வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ என்றார், "எஸ், சார்" என்று இவள் ஜன்னலுக்கு ஓடினாள், சார் உட்கார் உட்கார் என்று சிரித்தார், நீதான் மாட்டேன்னு சொல்லிட்டியே, அப்புறம் ஏன் எழுந்திருக்கிற, உனக்கு ஆட்சேபம் உண்டான்னு கேட்கிறேன், ஆமான்னு சொல்ற, சம்மதம்னா நோ சொல்லணும்மா. வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். என்ன பாஷை இது, சரி என்பதற்கு இல்லை என்று சொல்கிற பாஷை. அந்த அம்மாள் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு. புருஷனின் முகத்தைப் பார்க்கப் போகும்போது பக்கத்தில் நிற்க. இவள் கண்ணைப் பார்த்து, மனசார, மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஷெரின் மேடத்திடம் சொல்லலாம். தமிழில் ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஷெரின் மேடம் மறுபடியும் போனில் இருந்தார், என்ன சொன்னாங்கன்னு புரியலைன்னா ஏன் எஸ் சொன்ன என்று கேட்பார், அப்புறம் லாபி வேலை போய்விடும், அதெல்லாம் யோசித்தாளா இல்லையா தெரியவில்லை, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், லாபியில் ஓடவும் கூடாது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் வெயில் முகத்தில் அடித்தது. அந்த அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. கோகிலவாணி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது இப்போது தெரியும். எல்லாம் தெரியும், நான் வருகிறேன், உங்கள் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிந்துவிட்டது, நான் கூட வந்து நிற்கிறேன், உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். இதில் ஒன்றுகூட இங்கிலீஷில் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று, சரியான பதில், சார் சொல்லிக்கொடுத்த பதில். "நோ, மேடம்" என்றாள். மூச்சு வாங்கியது. "நோ. நோ, மேடம்." அந்த அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். தொப்பியின் நிழலில் கண்கள் சிவந்திருந்தன, குங்குமம் காய்ந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓடிவந்து இன்னொரு தரம் மறுத்துவிட்டுப் போகிற பெண்ணை அவர் கோபமில்லாமல்தான் பார்த்தார். கையை ஜன்னல் வழியாக நீட்டி அவள் விரல்களைக் கண்ணாடி விளிம்பிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார், கண்ணாடி ஏறும்போது நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக. "இட்ஸ் ஆல் ரைட், டியர்" என்றார். "இட்ஸ் ஆல் ரைட்." கண்ணாடி ஏறியது. டிரைவர் தமிழ்க்காரர், அண்ணே நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை போதும், வாய் திறந்துதான் இருந்தது, அந்த அமைதியான பொண்ணு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், கார் போர்டிகோவைச் சுற்றிக் கேட்டைத் தாண்டித் திரும்பிவிட்டது.

"என்ன வாணி, என்ன சொன்ன?" ஷெரின் மேடம் வாசலுக்கு வந்திருந்தார். "பை சொன்னேன் மேடம்." "குட். நல்லா பார்த்துக்கிட்ட. நான் உள்ள இருந்து கவனிச்சேன், அவங்க உங்கிட்ட மனசுவிட்டுப் பேசினாங்க, இல்ல?" ஆமாம் என்று தலையாட்டினாள். இன்னும் சொல்லலாம், வேறு கார் எடுத்துக்கொண்டு போகலாம், ஆஸ்பத்திரி கால் மணி நேரம்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு. ஆனால் நிஜமாகவே வித் மீ என்றுதான் சொன்னாரா. காதில் விழுந்தது அதுதானா, இல்லை, பிறகு நானாக ஒட்டவைத்துக்கொண்டதா. மைண்ட் என்று கேட்டது நிச்சயம். அதுகூட நிச்சயமா. கேள்வியை மறுபடி மறுபடி உள்ளே ஓட்டிப் பார்க்கப் பார்க்க அது தேய்ந்துகொண்டே வந்தது, இப்போது அதில் அந்த அம்மாளின் குரலே இல்லை, அமலதாஸ் சாரின் குரல்தான் இருந்தது. நிஜமாக என்ன கேட்டார் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது. இப்போது கார் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருக்கும். இறங்கும்போது அந்தச் செருப்பு தடுக்குமே. உள்ளே போகிற நீளமான வராந்தாவில் யார் முன்னால் நடப்பார்கள், துணியை விலக்கிக் காட்டுகிறவர் என்ன சொல்வார், அது இவருக்குப் புரியுமா, அங்கே எல்லோரும் தமிழில்தானே பேசுவார்கள். பின்னால் பெரிய ஹாரன் கேட்டது. ஷெரின் மேடம் அவள் முந்தானையைச் சரி செய்துவிட்டு, "குரூப் வந்துடுச்சு, நில்லு நில்லு, முகத்தைத் துடை" என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், தொப்பியும் கேமராவுமாக, வெயிலில் சிவந்த முகங்கள். யாரோ அவள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். சிரித்தாள், தலையைச் சாய்த்தாள், வாயைத் திறந்தாள், வணக்கம் அண்ட் எ வெரி வார்ம் வெல்கம் டு யூ, சார், ஐ ஹோப் யூ ஹேட் எ ப்ளெசன்ட் ஜர்னி, ஒரு தடங்கல் இல்லாமல், ஒரு சொல் பிசகாமல் வந்தது. முன்னால் வந்த பெரியவர் நின்றுவிட்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, மறுபடி இவளைப் பார்த்து, உன் இங்கிலீஷ் மிகவும் அழகாக இருக்கிறது, எங்கே கற்றுக்கொண்டாய் என்று, நிறுத்தி, நிதானமாகக் கேட்டார். அது அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.